கேம் சென்சர் பழுதா, வயர் பழுதா? – வன்னிக் கராஜ் ஒன்றில் கற்ற பாடம்



இந்த இதழின் தொழிற்பாடம் வாகனத்தைப் பற்றியது. "தோட்டத்து ஆளுக்கு எதற்கு வாகனப் பாடம்?" என்று யாரும் கேட்க வேண்டாம். லயத்து வாசலில் த்ரீவீலும் சின்ன வானும் நிற்பது இன்றைக்குப் புதுமை இல்லை. அவற்றில் பல லீசிங்கில் எடுத்தவை. மகன் வான் ஓட்டுகிறான் என்றால், மாதத் தவணைக்கு அம்மாவின் கொழுந்துச் சம்பளத்திலும் ஒரு பங்கு போகிறது. இரவில் பிரசவ வலி கண்ட பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதும் அந்த வான்தான். அது நடுவழியில் நின்றால் ஒரு குடும்பத்துக்கு மட்டும் நட்டம் இல்லை, ஒரு டிவிசனுக்கே நட்டம்.

இப்போது வருகிற பெற்றோல் வாகனங்களில் அடிக்கடி பெயர் அடிபடுகிற பொருள் ஒன்று இருக்கிறது. கேம் சென்சர் என்பார்கள். எஞ்சின் லைட் எரிந்தது, ஸ்கேனர் போட்டோம், "கேம் சென்சர்" என்று காட்டியது, மாற்றினோம், பத்து நாளில் திரும்பவும் அதே கதை. இப்படிச் சொல்லி வந்தவர்கள் நமக்குத் தெரிந்து ஒருவர் இருவர் அல்ல. ஆகவே இந்தப் பொருள் என்ன வேலை செய்கிறது, அது கெட்டதா இல்லையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்பதை இங்கே எழுதுகிறோம். வாகன வேலை பழகும் தம்பிமார் கவனமாக வாசிக்கவும். வாகனம் வைத்திருப்பவர்களும் வாசிக்க வேண்டும், ஏனென்றால் காசு உங்களுடையது.

காலை ஆறா, மாலை ஆறா?

எஞ்சினுக்குள் இரண்டு முக்கியமான தண்டுகள் சுற்றுகின்றன. கீழே இருப்பது கிராங். பிஸ்டன்கள் மேலும் கீழும் போவதைச் சுற்றாக மாற்றிச் சக்கரத்துக்கு அனுப்புவது அது. மேலே இருப்பது கேம். வால்வுகளைத் திறந்து மூடுவது அதன் வேலை. இரண்டையும் ஒரு செயினோ பெல்டோ இணைக்கிறது. கிராங் இரண்டு சுற்றுச் சுற்றினால் கேம் ஒரு சுற்றுத்தான் சுற்றும். இந்தக் கணக்கை மனதில் வையுங்கள், முழுப் பாடமும் இதில்தான் நிற்கிறது.

மணிக்கூட்டை எடுத்துக்கொள்வோம். சின்ன முள் ஒரு நாளைக்கு இரண்டு சுற்றுச் சுற்றுகிறது. முள் ஆறில் நிற்கிறது. காலை ஆறா, மாலை ஆறா? காலை ஆறு என்றால் பெரட்டுக்கு ஆயத்தமாக வேண்டும். மாலை ஆறு என்றால் கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு அடுப்படியில் நிற்க வேண்டும். முள்ளை மட்டும் பார்த்து இதைச் சொல்ல முடியாது. வெளியே எட்டிப் பார்த்து வெளிச்சமா இருட்டா என்று அறிய வேண்டும்.

எஞ்சினிலும் இதே சங்கடம்தான். ஒரு பிஸ்டன் உச்சிக்கு வருகிறது. பெற்றோலும் காற்றும் அமுக்கப்பட்டு, நெருப்புப் பொறிக்குக் காத்திருக்கும் உச்சியா? அல்லது எரிந்த புகையை வெளியே தள்ளி முடித்த உச்சியா? இரண்டு தடவையும் கிராங் ஒரே இடத்தில்தான் நிற்கும். கிராங் சென்சர் "மணி ஆறு" என்று சொல்லும். "இது காலை" என்று சொல்வது கேம் சென்சர். இரண்டையும் கேட்டுத்தான் எஞ்சின் கம்பியூட்டர் எந்தச் சிலிண்டருக்குப் பெற்றோல் விட வேண்டும், எதற்குப் பொறி கொடுக்க வேண்டும் என்று முடிவு செய்கிறது.

சென்சர் என்றதும் பெரிய பொருளாக நினைக்க வேண்டாம். கட்டைவிரல் அளவு பிளாஸ்டிக் துண்டு, ஒரு சின்ன ஆணியால் எஞ்சினில் பூட்டியிருக்கும். கேம் தண்டில் உள்ள பல் அதன் முன்னால் கடக்கும்போதெல்லாம் உள்ளே உள்ள காந்தம் உணர்ந்து, வயரில் மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கும். இப்போதைய வாகனங்களில் பெரும்பாலும் மூன்று வயர் உள்ள வகை இருக்கும். ஒன்றில் கரண்ட் வரும், ஒன்று ஏர்த், மற்றது செய்தி கொண்டுபோகும் வயர். இரண்டு வயர் மட்டும் உள்ள வகையும் உண்டு, அது தானே சிறிய கரண்டை உண்டாக்கும்.

பழைய கார்களில் இந்த வேலையை டிஸ்ட்ரிபியூட்டர் செய்தது. அதைச் சுற்ற வைத்ததும் கேம் தண்டுதான். உள்ளே பொயின்ட் திறந்து மூடும், ரோட்டர் சுற்றி எந்தப் பிளக்குக்குப் பொறி போக வேண்டுமோ அங்கே கொண்டுபோய்க் கொடுக்கும். மூடியைக் கழற்றினால் கண்ணுக்குத் தெரியும். பொயின்ட் கரிந்திருந்தால் அரத்தாள் போட்டுத் தேய்த்துவிடலாம். இன்றைய சென்சரில் தேய்ப்பதற்கு ஒன்றும் இல்லை. அதனால்தான் "மாற்று, மாற்று" என்று பழகிப் போனோம்.

வன்னியில் உதிரிப்பாகம் இல்லாத காலம்

இங்கே கொஞ்சம் விலகி வன்னிக்குப் போக வேண்டியிருக்கிறது. நம்மில் பலருக்கு வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் சொந்தங்கள் உண்டு. 1970களில் தோட்டங்களில் பட்டினி வந்தபோதும், 1977, 1983 வன்செயல்களின்போதும் மலைநாட்டை விட்டுப் போன குடும்பங்கள் காடு வெட்டிக் குடியேறிய மண் அது. கிளிநொச்சியில் மலையாளபுரம், பாரதிபுரம் என்று போனால் நம் பேச்சு வழக்கை இன்றும் கேட்கலாம்.

1990 இல் யுத்தம் திரும்பத் தொடங்கிய பிறகு வன்னிக்குப் பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல் போகவில்லை. பட்டரி போகவில்லை. வாகன உதிரிப்பாகம் கிடைப்பது அரிதாகிவிட்டது. 2002 இல் போர்நிறுத்தம் வந்து ஏ9 வீதி திறக்கும் வரைக்கும் இந்த நிலைதான். ஆனால் வாகனங்கள் ஓடின. ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர் போன்ற பழைய கார்களும் மோட்டார் சைக்கிள்களும் மண்ணெண்ணெயில் ஓடின. சின்னப் போத்தலில் வைத்திருக்கும் சில துளி பெற்றோலைக் காபரேட்டருக்கு விட்டு எஞ்சினை ஸ்டார்ட் பண்ணுவார்கள். சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாறும். வெள்ளைப் புகையும் அந்த மணமும் அந்தக் காலத்தைக் கண்டவர்களுக்கு மறக்காது.

எப்படி ஓடியது? மண்ணெண்ணெய் குளிரில் ஆவியாகாது, சூட்டில்தான் ஆவியாகும். அதனால்தான் தொடக்கத்துக்குப் பெற்றோல் தேவைப்பட்டது. பழைய எஞ்சின்களில் அமுக்கம் குறைவு, அதனால் தரம் குறைந்த எண்ணெயையும் ஒரு மாதிரித் தாங்கிக்கொண்டன. என்றாலும் சும்மா விடவில்லை. எரியாத மண்ணெண்ணெய் கீழே இறங்கி எஞ்சின் ஒயிலைத் தண்ணீராக்கும், பிளக்கில் கரி படியும். மெக்கானிக்மார் நாளும் பொழுதும் பிளக் கழற்றித் துடைத்தார்கள். (இதை வாசித்துவிட்டு இன்றைய வானில் மண்ணெண்ணெய் ஊற்றிப் பார்க்க வேண்டாம். இன்ஜெக்டரும் சைலன்சரில் உள்ள கற்றலிட்டிக் பாகமும் அதோடு முடிந்துவிடும்.)

அந்த மெக்கானிக்மாரிடம் புதுச் சாமான் இல்லை. ஆகவே "இதை மாற்றிப் பார்ப்போம், சரிவராவிட்டால் அதை மாற்றிப் பார்ப்போம்" என்ற பழக்கமே அவர்களுக்கு வரவில்லை. எது பிழை என்று முதலில் நிச்சயமாக அறிய வேண்டும், பிறகுதான் ஸ்பானர் எடுப்பார்கள். அப்படிப் பழகிய ஒருவரின் கையில்தான் எங்கள் தோட்டத்து வான் ஒன்று போய்ச் சேர்ந்தது.

முறிகண்டிக்கு முன்னால் நின்ற வான்

கிளிநொச்சியில் ஒரு கல்யாணத்துக்காக நாங்கள் பத்துப் பேர் போனோம். வான் எங்கள் டிவிசன் தம்பி ஒருவருடையது. இரண்டு மாதமாக அதில் ஒரு வருத்தம். காலையில் நன்றாக ஸ்டார்ட் ஆகும், சூடேறினால் திடீரென்று நிற்கும். அரை மணித்தியாலம் ஆறவிட்டால் திரும்ப ஓடும். டவுனில் ஒரு கராஜில் ஸ்கேனர் போட்டு, பி0340 என்று வந்ததால் கேம் சென்சரை மாற்றினார்கள். பத்து நாள் நல்லா ஓடியது. திரும்ப நின்றது. "அது டூப்ளிக்கேட் சாமானாக இருக்கும்" என்று சொல்லி இன்னொன்று போட்டார்கள். இரண்டு மாதத் தவணைக்குப் போதுமான காசு அதிலேயே போய்விட்டது.

ஏ9 வீதியில் முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்காமல் வாகனங்கள் தாண்டுவதில்லை. எங்கள் வான் அவருக்கு முன்னாலே போய்ச் சேரவும் விரும்பவில்லை. மாங்குளம் தாண்டி நல்ல வெயிலில் நின்றுவிட்டது. கயிறு கட்டி இழுத்து, கிளிநொச்சியில் சொந்தக்காரர் சொன்ன ஒரு கராஜுக்குக் கொண்டுபோனோம். அறுபது வயது தாண்டிய பெரியவர். தகப்பன் மஸ்கெலியா பக்கத்தில் இருந்து போனவராம். பேச்சு மட்டும் முழுக்க வன்னிப் பேச்சு.

"என்ன தம்பி, சாமான் மாத்தினதோ? மாத்த முன்னம் கரண்ட் வருதோ எண்டு பாத்தவையோ?" என்று கேட்டார்.

"இல்லைங்க அண்ணே. ஸ்கேனர்ல சென்சர்னு காட்டுச்சு, மாத்துனாங்க."

"ஸ்கேனர் சாமான்ர பேரைச் சொல்லேல்லத் தம்பி. எந்தப் பாதையில பிழை எண்டுதான் சொல்லுது. பாதையில சாமானும் இருக்கு, வயரும் இருக்கு, கனெக்டரும் இருக்கு."

இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இந்தக் கட்டுரையையே எழுதுகிறோம். பி0340 என்ற இலக்கத்தின் பொருள் "கேம் சென்சர் சுற்றில் பிழை" என்பது. "கேம் சென்சர் கெட்டுவிட்டது" என்பது அல்ல. தபால் வரவில்லை என்றால் கடிதம் எழுதியவர் எழுதவில்லையா, தபால்காரர் கொண்டுவரவில்லையா, ஒபிசில் தங்கிவிட்டதா என்று விசாரிக்க வேண்டும் அல்லவா? கம்பியூட்டருக்குத் தெரிவது கடிதம் வரவில்லை என்பது மட்டுமே.

எப்படிப் பார்ப்பது

அவர் செய்ததையும், வேலை தெரிந்தவர்கள் பொதுவாகச் செய்வதையும் சேர்த்துச் சொல்கிறோம். முதலில் ஒரு எச்சரிக்கை. வாகனத்தை நியூட்ரலில் போட்டு ஹேன்ட் பிரேக் இழுத்து, சக்கரத்துக்குக் கல் வையுங்கள். சாரத்தையோ சால்வையையோ தொங்கவிட்டுக்கொண்டு பெல்ட் பக்கம் குனிய வேண்டாம். கூலிங் ஃபேன் எஞ்சின் நின்ற பிறகும் தானாகச் சுற்றும்.

நோயின் குறி என்ன என்று முதலில் கேட்க வேண்டும். கேம் சென்சர் பக்கத்தில் பிழை என்றால் வழக்கமாக ஸ்டார்ட் ஆக நீண்ட நேரம் எடுக்கும், அல்லது ஓடும்போது இழுவை குறைந்து உதறும், அல்லது சூட்டில் நிற்கும். சில எஞ்சின்கள் கிராங் சென்சரை மட்டும் வைத்துக்கொண்டு எப்படியோ சமாளித்து ஓடும், லைட் மட்டும் எரியும். சில அறவே ஓடாது. ஸ்டார்ட்டர் சுற்றும்போது ஆர்.பி.எம். முள்ளைப் பாருங்கள். பல வாகனங்களில் அது கிராங் சென்சரின் செய்தியைக் கொண்டே அசையும். எஞ்சின் சுற்றுகிறது, முள் அசையவே இல்லை என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது கிராங் சென்சரை.

அடுத்தது பட்டரி. இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். எஞ்சின் நிற்கும்போது 12.6 வோல்ட் அளவில் இருக்க வேண்டும். ஸ்டார்ட்டர் சுற்றும்போது 9.6 க்குக் கீழே இறங்கக் கூடாது. ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை காட்ட வேண்டும். பட்டரி தளர்ந்தால் கம்பியூட்டருக்குத் தலை சுற்றி, இல்லாத பிழையெல்லாம் சொல்லும். நம் மலைக் குளிரில் காலையில் இது அதிகம்.

பிறகு ஸ்கேனர். வந்த இலக்கங்களை ஒரு கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள். எழுதாமல் அழிக்க வேண்டாம். பி0340 உடன் வேறு என்ன வந்தது என்பது முக்கியம். பி0335 கிராங் சென்சர் சுற்று. பி0341 என்றால் செய்தி வருகிறது, ஆனால் ஒழுங்காக இல்லை. பி0344 விட்டு விட்டு வருகிறது என்பது. பி0016 என்று வந்தால் கொஞ்சம் பயப்படுங்கள், அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறோம். நாலைந்து சென்சர்களின் இலக்கம் ஒரே நேரத்தில் வந்தால் அத்தனையும் ஒன்றாகக் கெட்டிருக்காது. எல்லாவற்றுக்கும் பொதுவான ஃபியூசோ ஏர்த்தோதான் போயிருக்கும்.

இனிக் கண்ணால் பார்ப்பது. பெரியவர் மீற்றரை எடுக்கும் முன்பு டோர்ச் லைட்டை எடுத்தார். கனெக்டரைக் கழற்றி உள்ளே ஒயில் இறங்கியிருக்கிறதா, பின்னில் பச்சைப் பாசி பிடித்திருக்கிறதா, பூட்டு நாக்கு உடைந்திருக்கிறதா என்று பார்த்தார். வயர் எங்கெங்கே போகிறது என்று விரலால் தொட்டுக்கொண்டே போனார். தோட்டத்தில் நிற்கும் வாகனங்களுக்கு இன்னொரு எதிரி எலி. லயத்துக்குப் பக்கத்தில் இரவு முழுவதும் நிற்கும் வானில் சூட்டுக்காக ஏறி வயரைக் கடித்துவிடும். கடித்த அடையாளம் சில நேரம் மேலே தெரியாது, கீழ்ப் பக்கம்தான் இருக்கும்.

அதன் பிறகு மல்டிமீற்றர். கனெக்டரைக் கழற்றி, சாவியை ஓன் பண்ணி, எஞ்சினை ஓட்டாமல் அளக்க வேண்டும். மூன்று வயர் வகையில் ஒரு பின்னில் 5 வோல்ட் அல்லது 12 வோல்ட் வரும், வாகனத்தைப் பொறுத்தது. ஏர்த் பின் சரியா என்று பார்க்க, மீற்றரின் சிவப்பைப் பட்டரி பொசிற்றிவிலும் கறுப்பை அந்தப் பின்னிலும் வையுங்கள். பட்டரியின் முழு வோல்ட்டும் காட்ட வேண்டும். செய்தி வயரில் பெரும்பாலான வாகனங்களில் கம்பியூட்டர் பக்கமிருந்து 5 வோல்ட் அளவு நிற்கும். இந்த மூன்றும் இருந்தால் பாதை ஓரளவுக்குச் சரி. மூன்றில் ஒன்று இல்லாவிட்டால் நூறு சென்சர் மாற்றினாலும் பயனில்லை. இங்கே பல்ப் வைத்த டெஸ்ட் லேம்ப் பாவிக்கக் கூடாது. அது இழுக்கும் கரண்டைத் தாங்காமல் கம்பியூட்டரே போய்விடலாம், அதன் விலைக்குச் சென்சர் விலை ஒன்றுமே இல்லை.

எங்கள் வானில் மூன்றும் இருந்தன. டவுன் கராஜில் பார்த்திருந்தாலும் இதுவரைக்கும் சரி என்றுதான் சொல்லியிருப்பார்கள். பெரியவர் மீற்றரைக் கரண்ட் பின்னுக்கும் ஏர்த் பின்னுக்கும் நடுவே பிடித்துக்கொண்டு, எங்கள் தம்பியைப் பார்த்து, "வயரை மெல்லமா ஆட்டும்" என்றார். தம்பி கனெக்டர் பக்கம் ஆட்டினார், 12 அசையவில்லை. இன்னும் பின்னால் ஆட்டினார், அசையவில்லை. எஞ்சினின் பக்கத்தில் ஒரு இரும்புத் தாங்கியைச் சுற்றி வயர் வளைகிற இடத்தில் தொட்டதும் மீற்றர் பூச்சியத்துக்கு விழுந்தது. விட்டதும் திரும்ப 12.

அந்த இடத்தில் வயரைப் பிடித்து வைத்திருந்த கிளிப் எப்போதோ உடைந்து, வயர் இரும்பில் உரசிக்கொண்டே இருந்திருக்கிறது. மேல் உறை பார்வைக்கு நல்லாத்தான் இருந்தது. பிளேட்டால் கீறிப் பார்த்தபோது ஏர்த் வயரின் செப்பு இழைகள் எல்லாம் அறுந்து, முனைகள் ஒன்றோடொன்று தொட்டபடி இருந்தன. குளிரில் தொட்டுக்கொண்டு இருக்கும், சூட்டில் உறை இளகி விலகும். அதுதான் அரை மணித்தியாலம் ஆறினால் திரும்ப ஓடிய இரகசியம். புதுச் சென்சர் போட்டதும் பத்து நாள் ஓடியதற்கும் இதுவே காரணம். சென்சரை மாற்றும்போது கனெக்டரைக் கழற்றி மாட்டினார்கள், அந்த அசைவில் அறுந்த முனைகள் திரும்பத் தொட்டுக்கொண்டன. சாமான் நோயைத் தீர்க்கவில்லை, கை பட்டதுதான் தற்காலிகமாகத் தீர்த்தது. இரண்டு கராஜ் பில்லுக்கும் காரணமான வயர் ஒரு சாண் நீளம்கூட இல்லை. அவர் அறுந்த துண்டை வெட்டி எறிந்து, அதே பருமனில் புது வயர் வைத்து ஈயம் பற்றி, உறை போட்டு, இரும்பில் படாதபடி கட்டிவிட்டார்.

வயர் சரி, சென்சர்தான் சந்தேகம் என்றால் அதையும் சோதிக்க வழி உண்டு. கனெக்டரை மாட்டியபடியே, பின்பக்கத்தால் மெல்லிய குண்டூசி ஒன்றைச் செய்தி வயரோடு தொடவிட்டு மீற்றரை இணையுங்கள். ஸ்பாக் பிளக்குகளைக் கழற்றி வைத்தால் எஞ்சினைக் கையால் சுற்றுவது இலகு. கிராங் நட்டில் ஸ்பானர் போட்டு, எஞ்சின் வழமையாகச் சுற்றும் பக்கமாக மெதுவாகச் சுற்றினால் வோல்ட் ஏறி இறங்கி, ஏறி இறங்கி வர வேண்டும். ஏறியபடியே நின்றாலும் இறங்கியபடியே நின்றாலும் சென்சர் வேலை செய்யவில்லை, அல்லது அதன் முன்னால் கடக்க வேண்டிய பல் கடக்கவில்லை. சூட்டில் மட்டும் கெடுகிற சென்சரைத் தலைமுடி காயவைக்கும் டிரையரால் சூடாக்கிப் பார்க்கலாம். தணல், லைட்டர் எதுவும் வேண்டாம், பக்கத்தில் பெற்றோல் குழாய் போகிறது. மூன்று வயர் சென்சரை ஓம்ஸில் வைத்து அளந்து நல்லது கெட்டது சொல்லுகிறார்கள், அந்த அளவீட்டுக்குப் பொருள் இல்லை. இரண்டு வயர் வகைக்குத்தான் ஓம்ஸ் பொருந்தும், எவ்வளவு இருக்க வேண்டும் என்பது அந்த வாகனத்தின் கையேட்டில் உள்ளது.

எல்லாம் சரி, இன்னும் இலக்கம் வருகிறது என்றால்

இப்போதுதான் பி0016. கிராங் சொல்லும் நேரமும் கேம் சொல்லும் நேரமும் ஒத்துப்போகவில்லை என்பது இதன் பொருள். சென்சர்கள் இரண்டும் உண்மையைச் சொல்கின்றன, எஞ்சின்தான் தவறிவிட்டது. டைமிங் செயின் நீண்டிருக்கலாம், பெல்ட் ஒரு பல் தாண்டியிருக்கலாம். காலையில் ஸ்டார்ட் பண்ணும்போது சில நொடிகளுக்கு முன்பக்கத்தில் சலசலவென்று சங்கிலிச் சத்தம் கேட்கிறதா என்று காது கொடுங்கள். ஒயில் மாற்றாமல் நாள் கடத்திய எஞ்சின்களில் செயினை இறுக்கி வைக்கும் பாகம் தளர்ந்து இப்படி வரும். இந்த நிலையில் "போகிற வரைக்கும் போகட்டும்" என்று ஓட்டக் கூடாது. பல எஞ்சின்களில் செயின் தாண்டினால் பிஸ்டன் வால்வில் இடிக்கும். பிறகு எஞ்சினைத் தலைகீழாகப் பிரிக்கவேண்டி வரும்.

மலை வீதியில் எஞ்சின் நின்றால்

வன்னி வீதி நேர்கோடு. அங்கே வான் நின்றால் வெயிலில் காய்வதோடு சரி. நம் ரம்பொடை வளைவிலோ கினிகத்தேனை இறக்கத்திலோ நின்றால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். எஞ்சின் நின்றதும் ஸ்டியரிங் பாரமாகும். பிரேக்குக்கு உதவுகிற காற்று உறிஞ்சல் ஒன்றிரண்டு மிதிக்குத்தான் மிச்சம் இருக்கும். ஆகவே பிரேக்கை விட்டு விட்டு மிதிக்க வேண்டாம். ஒரே மிதியில் பலமாக மிதித்துப் பிடித்துக்கொள்ளுங்கள். சாவியைக் கழற்ற வேண்டாம், கழற்றினால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். ஹசாட் லைட்டைப் போட்டு, ஓரம் கட்டி, ஹேன்ட் பிரேக் இழுத்து, கியரில் போட்டு, ஆட்களை மலைப் பக்கமாக இறக்குங்கள், பள்ளத்துப் பக்கம் வேண்டாம். இரண்டு தடவை இப்படி நின்ற வாகனத்தில் பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றாதீர்கள். ஒரு நாள் ஹயர் போனால் போகட்டும்.

சாமான் வாங்கும்போது

சென்சர் உண்மையிலேயே கெட்டது என்று தெரிந்தால் மாற்றத்தான் வேண்டும். 2020 மார்ச் மாதத்தில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறக்கப்பட்டது. அந்த ஐந்து வருடமும் பழைய வாகனங்களையே கட்டி இழுத்தோம். அதனால் பாவித்த சாமான் கடைகளில் ஒரே மாதிரித் தோற்றத்தில் பல சென்சர்கள் குவிந்து கிடக்கின்றன. தோற்றத்தைப் பார்த்து வாங்க வேண்டாம். பழையதைக் கையில் கொண்டுபோய் அதில் உள்ள இலக்கத்தை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். ரப்பர் வளையம் புதிதாக இருக்கட்டும், பூட்டும் முன் அதில் ஒரு சொட்டு எஞ்சின் ஒயில் தடவுங்கள். ஆணியை அளவோடு இறுக்குங்கள், பிளாஸ்டிக் காது உடைந்தால் இன்னொன்று வாங்க வேண்டும். பூட்டிய பிறகு ஸ்கேனரில் இலக்கத்தை அழித்து, சூடேறும் வரை அரை மணித்தியாலமாவது ஓட்டி, திரும்பவும் ஸ்கேனர் போட்டுப் பார்த்த பிறகே காசு கொடுங்கள். மாற்றிய பழைய சாமானைக் கேட்டு வாங்கி வீட்டில் வையுங்கள். எங்கள் தம்பியின் முதல் சென்சர் நல்ல சென்சர்தான், ஆனால் அது டவுன் கராஜ் குப்பையில் போய்விட்டது.

கராஜுக்குப் போனால் ஒரு கேள்வி கேட்கலாம், யாரும் கோபிக்க மாட்டார்கள்: "அண்ணே, கனெக்டருக்குக் கரண்டும் ஏர்த்தும் வருதான்னு அளந்து பாத்தீங்களா?"

இந்த வேலையை முறையாகப் படிக்க விரும்பும் பிள்ளைகளுக்கு ஒரு தகவல். கிளிநொச்சி அறிவியல் நகரில் 2016 இல் தொடங்கிய இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனத்தில் வாகனத் தொழில்நுட்பம் கற்பிக்கிறார்கள், என்.வீ.கியூ. சான்றிதழ் கிடைக்கும். அங்கே நமக்குச் சொந்தங்கள் இருப்பதால் தங்குமிடத்துக்கும் வழி பிறக்கலாம். ஏற்கெனவே கராஜில் வேலை செய்து கை பழகியவர்கள், படிப்புக் குறைவாக இருந்தாலும், நைட்டா எனப்படும் தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகார சபையின் மூலம் தங்கள் அனுபவத்தை மதிப்பிடச் செய்து என்.வீ.கியூ. சான்றிதழ் பெறலாம். விண்ணப்பம் நிரப்பத் தெரியாதவர்கள் பிறப்புச் சான்றிதழையும் அடையாள அட்டையையும் எடுத்துக்கொண்டு நம் நலன்புரி அலுவலகத்துக்கு வாருங்கள், உட்கார்ந்து சேர்ந்தே நிரப்புவோம்.